வவுணதீவுப் பக்கத்து நத்தைக்கறி: மூன்று தரம் போய்ச் சாப்பிட்டபின் எழுதுவது

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். சோறு, நத்தைப் பிரட்டல், பருப்பு, ஒரு கீரைச் சுண்டல், தேங்காய்ச் சம்பல், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 750 ரூபாய். சோறு எத்தனை தரம் கேட்டாலும் போடுகிறார்கள், பிரட்டல் ஒரு தரம்தான். நத்தைச் சொதி வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 200. முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், சொல்லாமல் போனால் மீன்கறிதான் கிடைக்கும், அதுவும் சில நாட்களில் இல்லை.

இடம் மட்டக்களப்புப் பட்டினத்திலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குள் போய், அங்கிருந்து ஆயித்தியமலைப் பக்கம் போகிற வீதியில் கொஞ்சத் தூரம். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு வீடு, முன்னால் ஒரு மாமரம், அதன் கீழே நாலு மேசை. அங்கே சமைக்கிற அக்காவின் பெயரையும் சரியான இடத்தையும் நான் போடவில்லை, அவரே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணமும் சொன்னார். ஒரு நாளைக்கு அவராலும் மருமகளாலும் துப்புரவாக்க முடிந்த அளவு நத்தைதான் எடுக்கிறார்கள், சனம் கூடினால் வெளியே யாரிடமாவது வாங்க வேண்டி வரும், அது எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று தெரியாது. இந்த ஒரு பதிலிலேயே எனக்கு அந்தக் குசினியில் நம்பிக்கை வந்துவிட்டது. தேடிப் போகிறவர்கள் சந்தியில் உள்ள தேத்தண்ணிக் கடையில் விசாரித்தால் காட்டிவிடுவார்கள்.

நான் ஏன் இதைத் தேடிப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் அம்மம்மா கரடியனாற்றுப் பக்கம் வயல்காரி. மாரி முடிந்து தண்ணீர் வடியத் தொடங்கும்போது வாய்க்காலில் நத்தை பொறுக்கி வந்து, புளியும் கொச்சிக்காயும் போட்டு வறட்டித் தருவார். 1990இல் இடம்பெயர்ந்து சொந்தக்காரர் வீட்டுப் பின் வளவில் இருந்தபோது அதே நத்தைதான் எங்களுக்குக் கறி, பல நாட்கள் அது மட்டும்தான். அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் சமைப்பார். நத்தை ஓடுகளையெல்லாம் இரவில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுவார், பக்கத்து வீட்டுக்காரர் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று. பிறகு நிலைமை சரியானதும் எங்கள் வீட்டில் நத்தை என்ற சொல்லே வரவில்லை. அம்மாவிடம் கேட்டால் "அதெல்லாம் இல்லாத காலத்துச் சாப்பாடு தம்பி" என்று முடித்துவிடுவார். ஆனால் எனக்கு நாக்கில் நின்றது அந்தப் புளிப்பும் உறைப்பும்தான், வறுமை எனக்கு நாக்கில் நிற்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவர் பட்டப்பகலில், மாமரத்துக்குக் கீழே, வாழையிலையில் நத்தைக்கறி பரிமாறி அதற்கு ஒரு நியாயமான விலையும் கேட்கிறார் என்று கேள்விப்பட்டதும் நான் போகாமல் இருக்க முடியவில்லை.

இடையில் ஒரு தரம் வேறு இடத்தில் சாப்பிட்டு அவஸ்தைப்பட்டிருக்கிறேன், அதையும் சொன்னால்தான் இந்த அக்கா செய்கிற வேலையின் அருமை விளங்கும். சில வருடங்களுக்கு முன் கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றில், வெளிநாட்டுக்காரருக்காகச் செய்வது போல, உள்ளியும் பட்டரும் போட்டு ஓட்டோடு ஆறு நத்தை கொண்டுவந்து வைத்தார்கள். பிரான்ஸில் இது பெரிய விருந்துச் சாப்பாடு. அங்கே பர்கண்டி நத்தை என்கிற தரை நத்தையைப் பிடித்து, சில நாட்கள் பட்டினி போட்டு வயிற்றைக் காலியாக்கி, நன்றாகக் கழுவி அவித்து, சதையை வெளியே எடுத்துத் துப்புரவாக்கி, உள்ளி, பாஸ்லி இலை, பட்டர் மூன்றையும் பிசைந்து திரும்ப ஓட்டுக்குள் அடைத்துச் சூட்டடுப்பில் வைப்பார்கள். அந்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு வந்தது மேலே பட்டர் மணக்க, உள்ளே குடலோடு, சேறு நறநறக்க, நடுப்பகுதி வெந்தும் வேகாமலும் இருந்த நத்தை. இரவு முழுக்க வாந்தி, அடுத்த நாள் காய்ச்சல். பட்டரும் உள்ளியும் எவ்வளவு போட்டாலும் கழுவாத நத்தையைக் காப்பாற்றாது.

சரி, இப்போது வவுணதீவுக்கு வருகிறேன்.

முதல் தரம் போனபோது சாப்பாடு மட்டும் சாப்பிட்டேன். அது பிடித்துப் போனதால் இரண்டாம் தரம் காலை ஏழு மணிக்கே போய் நின்று, துப்புரவாக்குவதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாருங்க தம்பி, மறைக்க என்ன கிடக்கு" என்று ஒரு கதிரையை எடுத்துக் கிணற்றடியில் போட்டுவிட்டார். அங்கே மூன்று பெரிய பேசின். வியாழக்கிழமை குளத்தில் எடுத்த நத்தை சனிக்கிழமை காலைவரை கிணற்றுத் தண்ணீரில் கிடக்கிறது, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுகிறார்கள். மேலே வலை போட்டு நாலு பக்கமும் கல் வைத்திருந்தது, இல்லாவிட்டால் இரவில் ஏறி வெளியே போய்விடுமாம். முதல் நாள் தண்ணீர் கறுத்துக் குழம்பாக இருக்கும், மறுநாள் மங்கலாகும், மூன்றாம் நாள் காலை தெளிவாக இருந்தால்தான் அடுப்புக்குப் போகும். நான் பார்த்த அன்று ஒரு பேசினில் தண்ணீர் தெளியவில்லை என்று அப்படியே வைத்துவிட்டார். அதனால் அன்று பதினைந்து பேருக்குப் பதிலாகப் பத்துப் பேருக்குத்தான் நத்தை, வந்த ஐந்து பேருக்கு மீன்கறி கொடுத்து அனுப்பினார்.

இது குளத்து நத்தை, நம் வயல் வாய்க்காலிலும் குளத்திலும் உருண்டையாக, பச்சை கலந்த பழுப்பு ஓட்டோடு இருப்பது. வாயில் ஒரு தட்டையான மூடி இருக்கும், தொட்டால் இழுத்துச் சாத்திக்கொள்ளும். அந்த மூடிதான் சோதனை. ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் விரல் வைத்துப் பார்க்கிறார், உள்ளே இழுத்தால் உயிரோடு இருக்கிறது, சும்மா தொங்கினால் செத்தது. செத்தது ஒன்று சட்டிக்குள் போனால் முழுக்கறியும் நாறும், வயிற்றையும் கெடுக்கும். மிதக்கிறதையும் முகர்ந்து பார்த்து மணம் மாறினதையும் பின் வளவில் எறிந்துவிடுகிறார்.

அப்புறம் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அவிக்கிறார்கள், கொதி வந்த பிறகும் இருபது நிமிடம் விடாமல். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. நத்தைக்குள் எலியிலிருந்து வருகிற ஒரு நுண்ணிய புழு இருக்கக்கூடும், எலி நுரையீரல் புழு என்பார்கள், பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட்டால் அது மனிதனின் மூளைப் பக்கம் போய் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். பல நாடுகளில் நடந்த விஷயம் இது. நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். மூலத்துக்கு நல்லது என்று பச்சை நத்தையை விழுங்கச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெட்டின பலகை, கத்தி, கை எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், கழுவின தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போகக் கூடாது. அந்த அக்கா இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டாரா என்று கேட்டேன், கிராமத்துக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தர் ஒரு தரம் சொல்லித் தந்தாராம், அதிலிருந்து விடாமல் செய்கிறார்.

ஆறினதும் ஒரு சட்டை ஊசியால் மூடியைக் கழற்றி, ஓடு சுற்றியிருக்கிற திசைக்கே சதையைத் திருகி இழுக்கிறார், முழுதாக வந்துவிடுகிறது. முன்பக்கம் கெட்டியான கால், பின்பக்கம் சுருண்ட கறுப்புப் பச்சைக் குடல். குடலை வெட்டி எறிய வேண்டும், கசப்பும் சேற்று மணமும் அதில்தான். இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. தவிடும் கல்லுப்பும் போட்டுக் கையால் பிசைந்து தேய்த்துக் கழுவுகிறார், வழுவழுப்பு நுரையாகப் போகிறது. இரண்டாம் தரம் உப்பும் புளியும். மூன்றாம் தரம் தேசிக்காய். கையில் எடுத்தால் வழுக்காமல் கறகறவென்று இருக்க வேண்டும், அதுதான் அளவு. மருமகள் கையைப் பார்த்தேன், உப்பும் புளியும் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருந்தது. ஒரு பெரிய வாளி நத்தையிலிருந்து கடைசியில் வந்தது ஒரு சிறிய சட்டிச் சதை. 750 ரூபாய் கூட என்கிறவர்கள் ஒரு தரம் இந்தக் கிணற்றடியில் வந்து இருந்து பார்க்க வேண்டும். என் கணக்கில் ஆயிரம் கேட்டாலும் நியாயம், அதை அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

இனிச் சாப்பாடு.

பிரட்டல்தான் இங்கே முதலிடம். மண்சட்டி, விறகடுப்பு. வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை தாளித்து, வறுத்து இடித்த கொச்சிக்காய்த்தூளும் மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகமும் போட்டு, சதையை அதில் பிரட்டி, இரண்டாம் பாலை ஊற்றி மூடி முக்கால் மணி நேரம் மெல்லிய நெருப்பில் விடுகிறார். நத்தை விசயத்தில் இதுதான் நுட்பம், நிறையப் பேர் பிழைவிடுவதும் இதில்தான். அவித்தெடுத்த சதையைப் பத்து நிமிடம் சமைத்தால் ரப்பர், கால் மணி நேரம் சமைத்தால் இன்னும் இறுகின ரப்பர். பொறுமையாகக் கிடக்க விட்டால்தான் தளர்ந்து வரும். பால் வற்றினதும் வறுத்து அரைத்த தேங்காய்ப்பூவும் மிளகும், சட்டியை இறக்கின பிறகு தேசிக்காய்ப் புளி. எண்ணெய் பிரிந்து, கறுத்த சிவப்பாக, சதையில் மசாலா ஒட்டிப் பிடித்து வருகிறது.

ருசி எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, பதமாக வெந்த கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடல் மணம் இல்லை. அதற்குப் பதிலாக மெல்லிய ஒரு மண் மணம், முதல் மழை பெய்த வரம்பில் நடக்கும்போது வருமே, அது. அது சேற்று நாற்றம் இல்லை, இரண்டையும் நான் சாப்பிட்டிருக்கிறேன், வித்தியாசம் நன்றாகத் தெரியும். கடிக்கும்போது கொஞ்சம் எதிர்த்துப் பிறகு விட்டுக்கொடுக்கிற பதம். சிவப்பரிசிச் சோற்றோடு அந்த வறுத்த தேங்காய்ப்பூ சேரும்போது கதைக்கத் தோன்றவில்லை. என் மனைவி முதல் தரம் பருப்பும் சம்பலும் போதும் என்று இருந்தவர், என் இலையிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார், மூன்றாம் தரம் போனபோது தனக்கென்று தனியாகச் சொல்லி வைத்தார்.

சொதி இன்னொரு விதம். அதற்கு மட்டும் ஓட்டோடு செய்கிறார்கள். அவித்துக் குடல் எடுத்து, தேய்த்துக் கழுவின சதையைத் திரும்ப ஓட்டுக்குள் வைத்து, ஓட்டின் பின்முனையைச் சின்னதாகத் தட்டி உடைத்துவிடுகிறார்கள், வாய்ப்பக்கம் உதட்டில் வைத்து உறிஞ்சினால் பாலும் உள்ளியும் பச்சைக் கொச்சிக்காயும் சதையும் ஒன்றாக வாய்க்குள் வரும். எங்கள் சின்னவன் ஆறு வயது, பதினொரு நத்தை உறிஞ்சிவிட்டு ஓடுகளை வரிசையாக மேசையில் அடுக்கி வைத்திருந்தான். எங்கள் அம்மா இரவில் கிடங்கு வெட்டிப் புதைத்த அதே ஓடு. அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

முருங்கையிலை போட்ட பால்கறி என்று மூன்றாவதாக ஒன்று உண்டு, அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. முருங்கையிலை நத்தையின் மணத்தை மூடிவிடுகிறது, கறியும் தண்ணீராக இருந்தது. கூனி இறால் போட்டால் அந்த இலைக்குப் பொருந்தும், நத்தைக்குப் பொருந்தவில்லை.

குறைகள் இருக்கின்றன. இரண்டாம் தரம் போன அன்று பிரட்டலில் சில துண்டு பஞ்சு போலவும் சில துண்டு இறுகியும் இருந்தன, பெரிய நத்தையும் சிறியதும் ஒன்றாகச் சட்டியில் போட்டதால்தான். உப்பும் கூடத்தான், தேய்க்கப் போட்ட உப்பை முழுக்கக் கழுவாமல் விட்டிருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்துச் சொன்னேன். கோபப்படவில்லை, "ஓம் தம்பி, இண்டைக்கு அவசரத்தில நடந்துபோச்சு, மறுகா வாங்க, பாத்துச் செய்வம்" என்றார். மூன்றாம் தரம் எல்லாம் ஒரே அளவாக இருந்தது. பார்சல் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, லஞ்ச் சீட்டில்தான் கட்டித் தருகிறார்கள், ஓட்டோவில் பட்டினம் வருவதற்குள் எண்ணெய் வடிந்து பை முழுக்க ஆகிவிட்டது, வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டு போங்கள். சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு வராது, பன்னிரண்டு மணி என்றால் ஒரு மணி. மழை பெய்தால் மாமரத்துக்குக் கீழே இருக்க முடியாது, உள்ளே விறாந்தையில் ஆறு பேருக்குத்தான் இடம். கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருந்தது, துவாய் இல்லை.

காத்தான்குடியிலிருந்து என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரும் ஒரு தரம் கூட வந்தார். அவர் நத்தை சாப்பிடமாட்டார், அவருக்கென்று தனிச் சட்டியில் திலாப்பியா பொரியலும் பருப்பும் செய்து, தனிக் கரண்டி போட்டுத் தந்தார்கள், நாங்கள் கேட்க முன்பே கேட்டறிந்து செய்தார்கள். அந்தத் திலாப்பியாவும் நன்றாக இருந்தது என்று அவர் சொன்னார்.

நத்தை எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன், நீங்களும் எங்கே சாப்பிட்டாலும் இதைக் கேளுங்கள். சின்னக் குளம் ஒன்றிலும் அதன் மேல் வாய்க்காலிலும்தான். மருந்து அடித்த வயலில் எடுப்பதில்லை, வயலுக்குக் கீழே தண்ணீர் வடிகிற இடத்திலும் எடுப்பதில்லை. நத்தை சேற்றில் ஊர்ந்து நீர்ச்செடிகளைத் தின்பது, அந்தத் தண்ணீரில் கிருமிநாசினி இருந்தால் அது சதையிலும் சேரும், இரண்டு நாள் கிணற்றுத் தண்ணீரில் வைத்தால் சேறு போகும், மருந்து போகாது. எங்கே நத்தை இருக்கிறது என்று அவருக்குக் காட்டுவது நத்தை குத்தி நாரை. சொண்டின் நடுவில் இடைவெளி விட்டிருக்கும் அந்த நாரைக்கு நத்தைதான் முக்கியமான சாப்பாடு. நாரை வராத வாய்க்காலில் நாங்களும் இறங்குவதில்லை என்றார்.

மாரி முடிந்து தண்ணீர் வடிகிற மாசி, பங்குனியில்தான் நிறைய. கோடையில் குளம் வற்றினால் நத்தை மூடியை இறுகச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் இறங்கிக் கிடக்கும், அப்போது தோண்டி எடுக்க முடியும், இவர்கள் எடுப்பதில்லை. மழை வந்ததும் கரையில் ஈரமான இடத்தில் முட்டை வைக்கும், அந்தக் காலத்திலும் அடுப்பு மூடி. சின்ன நத்தையைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். பிரான்ஸில் இதற்குச் சட்டமே இருக்கிறது, பர்கண்டி நத்தையை ஏப்ரல் முதல் ஜூன் முடியும்வரை காட்டில் பொறுக்கக் கூடாது, ஓடு மூன்று சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை எப்போதும் எடுக்கக் கூடாது. இந்த அக்காவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, அடுத்த வருடமும் குளத்தில் நத்தை இருக்க வேண்டும் என்பது.

நான் சாப்பிட்ட அன்று பக்கத்து மேசையில் ஒருவர், வீட்டு வளவில் மழைக்கு வருகிற பெரிய நத்தையையும் இப்படிச் சமைக்கலாமா என்று கேட்டார். நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கும். அது ஆபிரிக்க நத்தை, நீண்டு கூம்பியிருக்கும், மூடி கிடையாது, 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுப் பிறகு தோட்டங்களையெல்லாம் தின்று தீர்த்த இனம். மேற்கு ஆபிரிக்காவில் அதன் இனத்து நத்தைகளை விரும்பிச் சாப்பிடுகிறார்கள், நைஜீரியாவிலும் கானாவிலும் அது நல்ல விலை போகிற இறைச்சி, அங்கே வளர்க்கவும் செய்கிறார்கள். ஆனால் நம் வளவில் ஊர்வது கான் ஓரத்திலும் குப்பையிலும் எலி ஓடுகிற இடத்திலும் மேய்ந்தது, விஷம் வைத்த மரக்கறிப் பாத்தியிலும் மேய்ந்திருக்கும். எலி நுரையீரல் புழுவுக்கு அது பேர்போன வாகனம். வெறுங்கையால் கூடத் தொடாதீர்கள்.

இன்னொருவர் மட்டக்களப்பு வாவியில் கிடக்கிற ஊரி என்கிற நத்தையைப் பற்றிக் கேட்டார், கல்லடிப் பாலத்தடியில் தண்ணீருக்குள் பாடுவது அதுதானே என்று. பாடும் மீன் என்று நாம் பெருமையாகச் சொல்வதைப் பழைய ஆட்கள் ஊரி அழுகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 1848இல் டெனன்ட் என்கிற பிரித்தானிய அதிகாரி மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியில் போய்த் தண்ணீருக்கடியிலிருந்து வரும் ஓசையைக் கேட்பதற்கு முன், எது பாடுகிறது என்று மீனவரைக் கேட்டபோது அவர்கள் எடுத்துக் காட்டியது உயிருள்ள நத்தைகளைத்தான், அதில் ஒன்று கண்டல் மரத்தடியில் கிடக்கும் நீண்ட கூம்பு ஓட்டு ஊரி. உண்மையில் அது பாடுகிறதோ இல்லையோ, அந்த இன ஊரியை அவுஸ்திரேலிய ஆதிகுடிகள் நெருப்பில் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். அக்கா வாவியில் எடுப்பதே இல்லை. "பட்டினத்துக் கழிவு எங்கே கலக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் எடுத்துத் தந்து ஒருவருக்கு ஏதும் வந்தால் யாருக்குப் பதில் சொல்வது" என்றார். எனக்கு ஊரி சாப்பிட ஆசைதான், ஆனால் அவர் சொன்னது சரி.

சத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, நூறு கிராம் நத்தைச் சதையில் ஏறக்குறைய 16 கிராம் புரதம், ஒன்றரைக் கிராமுக்கும் குறைவான கொழுப்பு, 90 கலோரி, மூன்றரை மில்லிகிராம் இரும்பு. இது தரை நத்தைக்கான கணக்கு, எண்ணெயும் தேங்காய்ப்பாலும் போட்டால் கூடும். ஒரு விசயம் கவனம்: வீட்டுத் தூசுப் பூச்சியால் இழுப்பு வருகிறவர்களுக்கு நத்தை சாப்பிட்டாலும் இழுப்பு வரலாம், இரண்டிலும் ஒத்த புரதம் இருக்கிறது, சில வேளை கடுமையாகவும் வரும். இறால், நண்டு ஒத்துவராதவர்களும் யோசித்துச் சாப்பிடுங்கள். என் மச்சாளுக்கு ஆஸ்துமா இருப்பதால் அவருக்கு நான் கொடுக்கவில்லை, அவர் கேட்டும் கொடுக்கவில்லை.

அம்மா படத்தைப் பார்த்து இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசி எடுத்து, "வறுத்த தேங்காய்ப்பூவா போட்டிருக்கு? உங்க அம்மம்மா எள்ளும் கொஞ்சம் வறுத்துப் போடுவா, அப்பதான் அந்தக் கறுப்பு வரும்" என்றார். அந்தச் செய்தியை வவுணதீவுக்குக் கொண்டு போய்ச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, எள் எவ்வளவு, தேங்காய்ப்பூவோடு சேர்த்து அரைப்பதா தனியாகவா என்று விசாரித்துவரச் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமைக்கு நாலு பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அம்மாவும் வருகிறார். முதல் வரிசை மேசையில் வெயில் படும், கிணற்றுப் பக்கத்து மேசையைத்தான் கேட்டிருக்கிறேன்.